பாசிப்பாட்டம்: காஞ்சிபுரம் நன்னீர் உயிரியல் கருத்தரங்கின் தலைமை உரை



நதிகளையும் ஓடைகளையும் ஏரிகளையும் தத்தம் வாழ்நாள் விஷயமாகக் கொண்டு உழைத்துவரும் உங்கள் நடுவே, தடாகங்களால் பேர்பெற்ற இக்காஞ்சி மாநகரில், என்னைத் தலைமைப் பீடத்தில் அமர்த்திய அன்புக்கு முதற்கண் என் வந்தனம். குளத்துப் படிகளில் உட்கார்ந்தே பழகியவனுக்கு இந்த ஆசனம் சிறிது நடுக்கத்தைத் தருகிறது. ஆயினும், நெடுநாளாக நெஞ்சில் கிடக்கும் ஒரு வழக்கை உங்கள் முன் வைக்க வாய்த்த இச்சந்தர்ப்பத்தை நழுவவிட மனம் ஒப்பவில்லை.

நன்னீர்ப் பல்லுயிரின் இன்றைய நிலை என்பது நமக்கு அளிக்கப்பட்ட பொருள். பூமியின் பரப்பில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உள்ள நன்னீரில், அறியப்பட்ட பிராணி இனங்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 1,26,000 இனங்கள், வாழ்கின்றன என்பதையும், மேற்குத் தொடர்ச்சி மலைகளில் பரிசீலிக்கப்பட்ட 1,146 நன்னீர் இனங்களில் நூற்றுக்குப் பதினாறு அழியும் அபாயத்தில் இருப்பதாக 2011-இல் வெளியான பன்னாட்டு அறிக்கை கூறியதையும் நீங்கள் நன்கறிவீர்கள். மலை ஓடைகளைப் பற்றிச் சொல்லத் தகுந்தவர்கள் பிற அமர்வுகளில் இருக்கிறார்கள். அவர்கள் பொருளை அவர்களிடமே விட்டுவிட்டு, சமவெளியில் நம் காலடியில் கிடக்கும் கோயிற்குளத்துக்கு வருகிறேன்.

1940-ஆம் ஆண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் எஸ். வி. கணபதி ஒரு கட்டுரை வெளியிட்டார். மைக்ரோசிஸ்டிஸ் எருஜினோசா என்னும் நீலப்பச்சைப் பாசி ஆண்டு முழுவதும் நீங்காது பூத்திருந்த ஒரு கோயிற்குளத்தின் சூழலியல் அதன் பொருள். வழிபடுவோர் கால் நனைத்துச் செல்லும் ஒரு பச்சைக் குளத்தை, ஐரோப்பியப் பேராசிரியர் ஜெனீவா ஏரியைப் பார்த்த அதே சிரத்தையோடு பார்த்தவர் அவர். பின்னர் 1955-இல், மேட்டூர் அணையருகே ஓடைப் படுகையில் மழைக்குப்பின் தேங்கும் மூன்று பாறைக்குழிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பகலும் ஓர் இரவும் கழிவதற்குள் அவற்றின் நீரில் கரைந்துள்ள வாயுக்களும் அமிலத்தன்மையும் எவ்வாறு மாறுகின்றன என்று அளந்து எழுதினார். அவருக்குத் துணையாகவும் தொடர்ச்சியாகவும் நின்றவர், நம் மாநில மீன்வளத் துறையில் பணியாற்றிய ஏ. சீனிவாசன். பவானிசாகர் நீர்த்தேக்கத்தை 1956 முதல் 1961 வரை ஆண்டு தவறாமல் ஆராய்ந்தவரும், 1976-இல் கோயிற்குளங்களின் ஆதார உற்பத்தியை, அதாவது வெயிலைக் கொண்டு பாசி சமைக்கும் உணவின் அளவை, கணக்கிட்டு வெளியிட்டவரும் அவரே. நதி, அணை, மலை ஏரி, குளம் என்று எதையும் தாழ்வாக எண்ணாமல் நடந்த இவ்விருவரின் ஆராய்ச்சி வாழ்க்கையே தமிழகத்து நன்னீர் உயிரியலின் அஸ்திவாரம் என்பது என் திடமான அபிப்பிராயம். நம் பாடத்திட்டங்களில் அவர்கள் பெயர் அருகிப்போனது என் நீங்காத வருத்தம்.

வருத்தத்துக்குக் காரணம் உண்டு. கோயிற்குளம் மனிதன் வெட்டிய தொட்டி, அளவில் சிறியது, அசுத்தமானது, ஆகையால் ஏரியியலுக்கு உரியதன்று என்று நான் பெரிதும் மதிக்கும் மூத்த அறிஞர் ஒருவர் எழுதினார். அவர் இன்று நம்மிடையே இல்லை. அவரிடம் நான் கற்றவை ஏராளம். என்றாலும் அக்கருத்தின் நிழலில் என் தலைமுறையினர் பலர் குளத்தை விட்டு விலகிச் சென்றதால், மரியாதையோடு மறுமொழி கூறக் கடமைப்பட்டிருக்கிறேன். மனிதன் ஆக்கியது என்பதே குறையானால் மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கமும் விலக்கப்பட வேண்டும். அதை விலக்குவார் ஒருவருமில்லை. சிறுமையே குறையானால், பாறைக்குழி மூன்றில் ஒரு நாளின் முழு வாழ்வையும் கண்ட கணபதியின் கட்டுரை வீண் என்றாகும். அசுத்தமே குறையானால், நோயுற்றவனை வைத்தியன் பார்க்கலாகாது என்பதற்கு அது ஒப்பாகும்.

என் வாதத்துக்கு நான் கண்ணால் கண்ட சாட்சி ஒன்று உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதம், இவ்வூர்ச் சர்வதீர்த்தக் குளத்தின் படியில் குப்பிகளோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தெருவில் பட்டுக்குச் சாயம் போடும் வீட்டுச் சிறுவன் ஒருவன் தினமும் வந்து உதவுவான். ஒன்று வெளிச்சம் புகுவது, மற்றொன்று கருந்துணி சுற்றியது என இணையிணையாகக் குப்பிகளை நீரில் தொங்கவிட, தறிக்குப் பயன்படாத பட்டு நூலை முறுக்கிக் கயிறாக்கித் தந்தவன் அவன்தான். பொழுது புலருமுன் எடுத்த நீரில் பிராணவாயுவை அளக்கும் மருந்து விட்டால் படிவு ஏறத்தாழ வெண்மையாக விழும், பிராணவாயு தீர்ந்துவிட்டதற்கு அறிகுறியாக. பிற்பகல் நீரில் அதே மருந்து வறுத்த காபிக்கொட்டையின் நிறத்தில் படியும். இரு குப்பிகளையும் வெயிலில் தூக்கிப் பார்த்த அச்சிறுவன், “ஒரே கொளத்துத் தண்ணி, காலைல ஒரு சாயம், சாயங்காலம் ஒரு சாயம் பிடிக்குதே, சார்!” என்றான். குளம் பகலில் மூச்சை வெளிவிட்டு இரவில் உள்ளிழுக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் எனக்குச் சொன்னதில்லை. அந்த அளவுகளை நான் ஓர் ஆய்விதழுக்கு அனுப்ப, ‘குளம் ஏரியன்று’ என்னும் ஒற்றை வரியோடு அவை திரும்பி வந்தன.

இனி, நான் முக்கியமாகக் கருதும் ஆதாரத்துக்கு வருகிறேன். மலை ஓடை மீன்களின் ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற சுந்தர் லால் ஹோரா, தம் இறுதி ஆண்டுகளில் பழைய நூல்களின்பால் திரும்பி, அர்த்தசாஸ்திரத்திலும், அசோகரின் ஐந்தாம் தூண் சாசனத்திலும், சோமேசுவர மன்னரின் மானசோல்லாசத்திலும் மீனைப் பற்றி வரும் செய்திகளை ஒரு விலங்கியலாளரின் கண்கொண்டு வாசித்தார். அப்பெரியார் காட்டிய வழி உயர்ந்தது. ஆனால் அவர் வாசித்தவை வடமொழியும் பிராகிருதமுமே. தொண்டைமண்டலத்துத் தமிழ்ச் சாசனங்களை அவ்வாறு வாசிக்கும் கடமை நம்முடையது. பல்லவ மன்னன் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வழி நீர் பெற்ற தடாகத்தைக் குறிக்கிறது. பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்ச் சாசனங்கள் ஏரி வாரியத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுக்கின்றன. வண்டல் வாரிக் கரையில் போடுவதற்கென்றே நிவந்தங்கள் ஏற்பட்டிருந்தன.

இவற்றுள் ஒரு சொல் என்னை நெடுநாள் உறங்கவிடவில்லை. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்திய இறைக்குப் பாசிப்பாட்டம் என்று பெயர். பிடிப்பது மீன், பெயரோ பாசி. பாசி என்பது இங்கே வெறும் நீர்ப்பரப்பைக் குறித்த ஆகுபெயர் என்று கல்வெட்டியல் நண்பர் ஒருவர் என்னிடம் வாதித்தார். அவர் கூற்றை மறுக்கும் சாசனம் என் கையில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும், பாசி தழைத்த நீரில் மீன் கொழுக்கும், பாசியற்ற நீரில் மீன் மெலியும் என்பதை ஆண்டுதோறும் கண்ட ஊரார், மீனின் மூலதனம் எதுவோ அதன் பேராலேயே குத்தகையைக் குறித்தனர் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆதார உற்பத்தி என்று சீனிவாசன் அளந்து காட்டியதும் இதுவேயன்றோ? இச்சொல்லை இன்னும் அகராதியோடு நிறுத்திவிடாமல், சாசனவியலாரும் நீரியலாரும் ஒரே மேஜையில் அமர்ந்து ஆராய வேண்டும் என்று விண்ணப்பிக்கிறேன்.

இது சொல்லாராய்ச்சியோடு முடிந்துபோகும் விவகாரமன்று. பாசி என்றாலே அழுக்கு என்று எண்ணி, குளத்தை வற்றவைத்துச் சேற்றை வாரிக் கொட்டி, அடியில் கல் பரப்பிக் காரை பூசுவதைத் தூய்மைப் பணி என்று கொண்டாடுகிறோம். கழிவு கலந்து பாசி மிஞ்சினால் இரவில் மீன் மூச்சுத் திணறும் என்பது உண்மை. அதற்கு மருந்து கழிவைத் தடுப்பது. சேறோ குளத்தின் விதைப்பெட்டி: நீர்த்தெள்ளுகளும் சக்கரப் பிராணிகளும் வறட்சியைக் கடக்க இட்டுவைத்த முட்டைகள் அதில் உறங்குகின்றன. கோடையில் வற்றும் ஏரியைச் செத்த ஏரி என்பவர்க்கும் இதுவே என் விடை: முதல் மழையில் உயிர் பெறும்படி அது தன்னை அடைகாத்துக்கொண்டிருக்கிறது.

வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளம் 1979-இலும் 2019-இலும் நீரடியில் இருக்கும் அத்திவரதரை வெளியே எழுந்தருளச் செய்வதற்காக இறைக்கப்பட்டது. நாற்பதாண்டுக்கு ஒருமுறை, நாள் குறித்து, அடிவரை வெறுமையாகி மீண்டும் நிரம்பும் குளத்தைப் போன்ற பரீட்சைக்களம் நம் சாஸ்திரத்துக்கு எங்கே வாய்க்கும்? 2019-இல் நானும் தரிசன வரிசையில் நின்றேன். பெருமாளைச் சேவித்துத் திரும்பினேன். அனுமதி கேட்டு ஒரு பிடி சேறு வாங்கி வைக்க எனக்குத் தோன்றவில்லை. மூத்தவரைக் குறை கூறிய நான், அவர் நிழல் என் மீதும் படிந்திருந்ததை அன்றே உணர்ந்தேன். அடுத்த முறை 2059-இல். இங்குள்ள மாணவர்களில் பலர் அப்போது ஓய்வு பெறும் வயதை நெருங்கியிருப்பார்கள். அந்நாளில் ஒப்புநோக்க அவர்கள் கையில் கணக்கு இருக்க வேண்டுமானால், அது இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.

ஆகவே கட்டுரை வாசிப்புக்கு முன் ஒரு பணியை முன்மொழிகிறேன். நாளை சூரியோதயத்தில் சர்வதீர்த்தத்தின் கீழ்ப்படியில் கூடுவோம். குப்பிகளும் மருந்தும் நான் கொணர்கிறேன், நூல் இவ்வூரில் கிடைக்கும். மாலை அமர்வு அந்த அளவுகளைப் படித்தே தொடங்கட்டும். அவை தமிழில் பதிவாகட்டும். குளம் ஏரியன்று என்போரும் வந்து குப்பியைத் தூக்கிப் பார்க்க வேண்டுமென்று அன்போடு அழைத்து, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.