ஆய்வுக்கூடத்தில் நம் பிள்ளைகள் எங்கே?

(நன்னிலத்தில் இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

   

பல்கலைக் கழகங்களில் நடக்கும் ஆய்வுகளைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். மதரஸாவில் ஓதிய ஆலிமுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. ஏதாவது ஒரு கண்டுபிடிப்பு வந்த மறுநாளே, "இது 1400 ஆண்டுகளுக்கு முன்பே நம் மார்க்கத்தில் சொல்லப்பட்டதுதான்" என்று மேடை போட்டுப் பேசுகிறோம். கைபேசியில் செய்தி பறக்கிறது. தக்பீர் முழங்குகிறது. ஆனால் அந்தக் கண்டுபிடிப்புக்காகப் பத்தாண்டு கண் விழித்தவன் யார்? அவனுக்குப் பணம் கொடுத்தவன் யார்? அந்த வரிசையில் நம் பிள்ளை ஒருவனாவது நின்றானா? இதை யாரும் கேட்பதில்லை. இன்று கேட்போம்.

பேரீச்ச மரம் சொல்லும் பாடம்

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்த காலம். அங்குள்ள மக்கள் பேரீச்ச மரங்களுக்குக் கையால் மகரந்தம் சேர்ப்பதைப் பார்த்தார்கள். இதைச் செய்யாவிட்டால் நல்லதாக இருக்குமோ என்ற கருத்தில் ஒரு வார்த்தை சொன்னார்கள். தோழர்கள் விட்டுவிட்டார்கள். அந்த ஆண்டு விளைச்சல் குறைந்தது. செய்தி வந்தபோது நபியவர்கள் தந்த விளக்கத்தின் கருத்து என்ன? மார்க்க விஷயத்தில் நான் சொல்வதை எடுத்துக் கொள்ளுங்கள். உங்கள் உலக வேலையை நீங்களே நன்கு அறிவீர்கள் என்பதுதான். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது.

இறைத்தூதரே உலகக் காரியத்தில் அனுபவத்துக்கும் சோதனைக்கும் இடம் கொடுத்திருக்கும்போது, சோதித்துப் பார்க்கும் கல்வி நமக்கு வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? ஒரு சமுதாயத்துக்குத் தேவையான கல்வியை அதில் ஒருவரும் கற்காவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள் என்பது ஃபர்ளு கிஃபாயாவின் சட்டம். ஜனாஸாத் தொழுகைக்கு மட்டுமா அந்தச் சட்டம்?

நம் வயலில் நடந்த ஆய்வு

பேரீச்சைக்கு மதீனாவில் நடந்தது நெல்லுக்கு நம் பக்கத்திலேயே நடந்தது. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1922இல். ஜப்பான் ரகத்தையும் நம் நாட்டு ரகத்தையும் கையால் மகரந்தம் சேர்த்து உருவான ஆடுதுறை 27, 1960களில் தஞ்சைத் தரணியின் குறுவையையே மாற்றியது. இங்கே அரிசி மண்டி வைத்திருக்கும் பெரியவர்களுக்கு 'ஏடிடி' என்ற மூன்றெழுத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போதைய கதையைக் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை கொட்டினால் சம்பாப் பயிர் தண்ணீருக்குள் மூழ்கி அழுகுகிறது. மூழ்கிய நெல் வெளியே தலை காட்டத் துடித்து, தன் சத்தையெல்லாம் செலவழித்து நீள்கிறது. நீர் வடிந்ததும் சாய்ந்து சாகிறது. ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்று மட்டும் வேறு மாதிரி. தண்ணீருக்குள் வளர்ச்சியை நிறுத்தி, சத்தைச் சேமித்துக் காத்திருக்கும்; நீர் வடிந்தபின் மீண்டும் துளிர்க்கும். அந்தக் குணத்துக்குக் காரணமான மரபணுவை அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக் கழகத்தினரும் பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தினரும் கண்டறிந்து 2006இல் வெளியிட்டார்கள். அதற்கு 'சப்-1' என்று பெயர். கோவை வேளாண்மைப் பல்கலைக் கழகம் அந்தக் குணத்தை, நாம் பொன்மணி என்று அழைக்கும் சி.ஆர். 1009 நெல்லுக்குள் கொண்டு வந்தது. சுமார் இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கும் நெல் கிடைத்தது.

சிந்தித்துப் பாருங்கள்! மூழ்கியது நம் வயல். நட்டப்பட்டது நம் விவசாயி. நின்றுபோனது நம் ஆலை. அதற்கு விடை தேடியவர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள்!

ஐந்து கிலோ அரிசியும் ஒரு நோயும்

அடுத்தது மருத்துவம். காசநோய் ஏழையின் நோய். மருந்து இருக்கிறது, ஆனாலும் ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் தொற்றுகிறது. பசியால் மெலிந்த உடம்பில்தான் இந்த நோய் எளிதாகக் குடியேறுகிறது என்று மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். சரி, உணவு கொடுத்தால் நோய் குறையுமா? இதை அளந்து பார்க்க ஒரு குழு புறப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர்கள் மங்களூரின் ஏனெபோயா பல்கலைக் கழக மருத்துவர்கள். இஸ்லாமிய கல்வி அறக்கட்டளை ஒன்று நடத்தும் பல்கலைக் கழகம் அது. சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் கைகோத்தது.

ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் வாழும் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் தரப்பட்டது. ஒரு பிரிவில் மட்டும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை. 2023இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வந்தது. உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளிப் பரிசோதனையில் உறுதியாகும் நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது.

வெறும் அரிசி, பருப்பு! அரிசி வணிகர்களே, நீங்கள் தராசில் நிறுத்துப் போடும் பொருள் ஒரு நோயைத் தடுக்கும் என்று நிரூபித்திருக்கிறார்கள். காசநோயாளியைத் தத்தெடுத்து உணவுப் பொருள் வழங்க 'நி-க்ஷய் மித்ரா' என்ற அரசுத் திட்டம் 2022 முதல் இருக்கிறது. தனி நபரும் சேரலாம், அமைப்பும் சேரலாம். ரமளானில் மட்டும் பொட்டலம் கட்டும் நம் கைகள் ஆறு மாதம் ஒரு வீட்டுக்கு அரிசி அனுப்பக் கூடாதா? நோயாளி எந்த மதத்தவர் என்று கேட்காமல் அனுப்புவோம்.

வட்டியில்லா முதல்

வணிகர்களுக்கு இன்னொரு செய்தி. 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. நாகையில் நாம் கண்ட துயரமே இலங்கையின் தென்கரையிலும். அங்கே காலி, மாத்தறை, களுத்துறை மாவட்டங்களில் பேராதனைப் பல்கலைக் கழகத்தின் சுரேஷ் டி மெல், தம் வெளிநாட்டுத் தோழர்கள் இருவருடன் சேர்ந்து சுமார் 400 சிறு தொழில்களைத் தொடர்ந்து கவனித்தார். குலுக்கல் முறையில் சிலருக்கு இலங்கைப் பணம் 10,000 அல்லது 20,000 ரூபாய் கொடுத்தார்கள். கடனாக இல்லை, திருப்பித் தர வேண்டாத தொகை. 2008இல் வெளிவந்த முடிவின்படி அந்த முதல் மாதத்துக்குச் சுமார் 5 சதவீதம் ஆதாயம் ஈட்டியது. வங்கி வட்டியை விடப் பல மடங்கு!

இதன் பொருள் என்ன? ஏழை வியாபாரிக்குத் திறமை இருக்கிறது, முதல்தான் இல்லை. அந்த முதலை அவன் கந்து வட்டிக்கு வாங்கினால் ஆதாயம் முழுவதும் வட்டிக்காரனுக்குப் போகிறது. அழகிய கடன் என்று மார்க்கம் சொல்வதை பைத்துல்மால் மூலம் ஒழுங்காக நடத்தினால் தள்ளுவண்டிக்காரர் கடைக்காரர் ஆவார். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. பெண்கள் நடத்திய தொழில்களில் அந்த ஆதாயம் தென்படவில்லை. ஏன்? அவர்களுக்கு என்ன தடை? அது அடுத்த ஆய்வுக்குரிய கேள்வி. நமக்குப் பிடித்ததையும் பிடிக்காததையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மையான ஆய்வு.

உணர்ச்சியும் எண்ணிக்கையும்

இளைஞர்களே! அநீதி நடக்கிறது என்று மேடையில் நரம்பு புடைக்கப் பேசுகிறோம். எதிரே இருப்பவன், ஆதாரம் எங்கே என்கிறான். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக் கழகத்தார் அந்த ஆதாரத்தைத் தேடினார்கள். மாணவர்கள் சிறை சிறையாகச் சென்றார்கள். தூக்குத் தண்டனை பெற்ற 385 பேரில் 373 பேரிடம் நேரில் பேசினார்கள். 2016இல் அறிக்கை வந்தது. நூற்றுக்கு 74 பேர் வறியவர்கள். நூற்றுக்கு 76 பேர் பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் சிறுபான்மையினரும். குஜராத்தில் 19 பேரில் 15 பேர் முஸ்லிம்கள். மூவரில் இருவருக்கு மேல், உயர் நீதிமன்றத்தில் தமக்காக வாதாடிய வழக்கறிஞரைப் பார்த்துப் பேசியதே இல்லை!

வேலை விஷயத்திலும் இப்படியே. சுகதேவ் தோரட்டும் நியூயார்க் நகரப் பல்கலைக் கழகத்தின் பால் அட்டெவலும் 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். ஒரே மாதிரித் தகுதி. பெயர் மட்டும் வேறு. 2007இல் வெளியான முடிவு: உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 100 என்று வைத்தால், தலித் பெயருக்கு 67, முஸ்லிம் பெயருக்கு 33. ஆயிரம் மேடைகள் சொல்ல முடியாததை மூன்று எண்கள் சொல்லிவிட்டன.

பரணில் கிடக்கும் வரலாறு

கலை, இலக்கியத்துக்கு வருகிறேன். 1572இல் எழுதப்பட்ட ஆயிர மசலா என்ற தமிழ் நூல் நமது இலக்கியத்தில் முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய நூல். இதே கதை மலாய் மொழிக்கும் ஜாவா மொழிக்கும் எப்படிப் பயணம் செய்தது என்று ரோனித் ரிச்சி என்ற பெண்மணி ஆராய்ந்தார். அவரது நூலை சிகாகோ பல்கலைக் கழகம் 2011இல் வெளியிட்டது. அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே இலங்கையின் ம.மு. உவைஸ், தமிழுக்கு முஸ்லிம்களின் தொண்டைத் தம் ஆய்வுப் பொருளாக எடுத்தார். பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத் துறைப் பேராசிரியரானார்.

நாகூரிலும் கூத்தாநல்லூரிலும் பொதக்குடியிலும் பழைய வீடுகளை இடிக்கும்போது பரணில் இருக்கும் அரபுத் தமிழ் கிதாபுகள் என்ன ஆகின்றன? எழுத்துத் தெரியாததால் ஆற்றில் விடுகிறோம். நம் பாட்டனார் மலாயாவுக்குக் கப்பலேறிய காலத்துக் கணக்கேடுகளைக் கரையானுக்குக் கொடுக்கிறோம். பிறகு, வரலாற்றில் நம் பெயரை மறைத்துவிட்டார்கள் என்று குமுறுகிறோம்!

என்ன செய்யப் போகிறோம்?

நிலைமையைச் சொல்கிறேன். அரசின் கணக்குப்படி 2021-22இல் நாட்டில் உயர் கல்வி பயின்றோர் 4 கோடியே 33 லட்சம். அதில் முஸ்லிம்கள் சுமார் 21 லட்சம். மக்கள் தொகையில் நூற்றுக்கு 14 பேர். உயர் கல்வியில் நூற்றுக்கு 5 பேர் கூட இல்லை. முனைவர் பட்ட ஆய்வு செய்யும் சிறுபான்மை மாணவர்களுக்குக் கை கொடுத்த மௌலானா ஆசாத் உதவித்தொகையையும் மத்திய அரசு 2022-23 முதல் நிறுத்திவிட்டது. வேறு திட்டங்கள் இருக்கின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம். அதைத் திரும்பக் கேட்டுக் குரல் கொடுப்போம். 2007இல் தமிழகத்தில் மூன்றரை சதவீத இட ஒதுக்கீடு கிடைத்ததும் நாம் கேட்டதால்தான். ஆனால் கேட்டுக் கொண்டிருக்கும் காலத்தில் பிள்ளையின் வயது நிற்காது. ஆகவே மூன்று வேலைகளைச் சொல்கிறேன்.

ஒன்று, இளைஞர்களுக்கு. நீலக்குடியில் மத்தியப் பல்கலைக் கழகம் இருக்கிறது. 2009இல் தொடங்கியது. நாட்டின் பல மாநிலப் பிள்ளைகள் அங்கே வந்து படிக்கிறார்கள். பேருந்தில் போகும் தூரத்தில் இருக்கும் நாம் மதில் சுவரை மட்டும் பார்க்கிறோம். அதில் சேர 'கியூட்' நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தமிழக அரசின் பி.சி. முஸ்லிம் சான்றிதழ் அங்கே போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். கடைசி நாளில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். நம் கிளை அலுவலகங்கள் இதற்கு உதவி மையமாக வேண்டும்.

இரண்டு, வணிகர்களுக்கு. ஒரு பிள்ளை முனைவர் பட்டம் பெற நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அந்தக் காலத்தில் வீட்டில், எப்போது சம்பாதிப்பாய் என்பார்கள். வளைகுடாவுக்கு விசா வந்திருக்கிறது என்பார்கள். அந்த நேரத்தில் அவனுக்குத் தோள் கொடுக்க ஊருக்குப் பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்தால் போதும். ஒரு கல்யாண மண்டபத்தின் ஒரு நாள் விளக்குச் செலவு ஓர் ஆய்வாளனைப் பல மாதம் காப்பாற்றும்.

மூன்று, பெற்றோருக்கு. உங்கள் மகளும் ஆய்வாளராகலாம். நல்ல மதிப்பெண் வாங்கிய பெண்ணை நிக்காஹ்வோடு நிறுத்திவிடாதீர்கள். ஆயிஷா (ரலி) அவர்களிடம் மூத்த ஸஹாபாக்களே வந்து மார்க்க விளக்கம் கேட்ட சமுதாயம் இது.

சகோதரர்களே! நம் வயல், நம் நோய், நம் கடை, நம் வழக்கு, நம் வரலாறு. ஐந்தும் நம்முடையவை. கேள்வி நம்முடையதாக இருக்கும்போது விடையை மட்டும் காலமெல்லாம் அடுத்தவரிடம் வாங்குவது கண்ணியமாகாது. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பிள்ளையிடம் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதற்கு முன், உனக்கு எதைத் தெரிந்து கொள்ள ஆசை என்று கேளுங்கள். அங்கிருந்துதான் ஆய்வு தொடங்குகிறது.

பயனுள்ள கல்வியை நமக்கும் நம் சந்ததிகளுக்கும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக!