கை தூக்கியவர் எல்லாம் தொண்டரா?

(தோட்டத் தலைவர்மார், மாதர் சங்கத் தலைவிமாருக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு, லயத்துக்குப் போய் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுருக்கமாகப் பேசுவோம்.

சங்கத்தில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் சிலரே. தோட்டத்தில் சங்கத்தைத் தாங்கி நிற்பவர்கள் தொண்டர்கள்தான். இது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. 1931இல் கோ. நடேசய்யர் அட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தை ஆரம்பித்த காலத்தில், அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர்கள் மத்தியில் பாட்டுப் பாடியே விசயங்களைப் புரிய வைத்தார். அதற்காக எந்தச் செக்ரோலிலும் அவருக்குப் பேர் விழவில்லை.

இன்று நமக்குத் தேவைப்படும் தொண்டு வேறு. ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 வீதமும் நிர்வாகத்திடமிருந்து 12 வீதமும் சேருகிறது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதைப் பெறலாம். ஆனால் அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டப் பதிவில் இன்னொரு பெயர் என்றிருந்தால் அலைச்சல்தான். முப்பது வருடம் மழையிலும் அட்டைக்கடியிலும் சேர்த்த காசு அது. இந்த அலைச்சலைக் குறைக்கத்தான் ஒரு தோட்டத்தில் உதவி மேசை ஒன்றைத் தொடங்கினோம்.

அங்கே நாங்கள் செய்த பிழையைச் சொல்கிறோம். கூட்டத்தில், "யார் உதவிக்கு வருகிறீர்கள்?" என்று கேட்டோம். ஏழு பேர் கை தூக்கினார்கள். கைதட்டினோம், பெயரை எழுதினோம், கலைந்து போனோம். மூன்று மாதத்தில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். ஒரு தம்பி கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார். ஒரு வயதான அம்மாவின் அசல் பிறப்புச் சான்றிதழ் அவருடைய பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அது கிடைக்கும்வரை அந்த அம்மா தோட்ட ஆபீசுக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடையாய் நடந்தார். இன்னொருவருக்கு வரவேண்டிய தொகை எவ்வளவு என்பது பீலிக்கரையில் பேச்சானது. அந்த வீட்டில் சண்டையே வந்துவிட்டது.

தம்பியைக் குறை சொல்ல மாட்டோம். கொழும்புக்குப் போகும் யோசனை அவருக்கு முன்பே இருந்தது. நாங்கள் கேட்கவில்லை.

ஆகவே, முதலில் வேலையைத் தெளிவாகச் சொல்லுங்கள். "சங்கத்துக்கு உதவணும்" என்றால் யாருக்கும் விளங்காது. "ஞாயிறு காலை இரண்டு மணித்தியாலம், ஆறு மாதத்துக்கு, படிவம் நிரப்ப வேண்டும், சிங்களத்தில் வரும் கடிதத்தை வாசித்துச் சொல்ல வேண்டும்" என்று சொல்லுங்கள். கூட்டத்துக்கு வருபவர்களிடம் மட்டும் கேட்காதீர்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பிள்ளை மடுவத்தில் பொறுப்பாக இருப்பவர்கள் என்று வீடு தேடிப் போய்க் கேளுங்கள். நம் பெண்கள் பலர் யாராவது கேட்கட்டும் என்றுதான் காத்திருக்கிறார்கள்.

அடுத்து, ஒவ்வொருவருடனும் தனித்தனியாக உட்கார்ந்து பேசுங்கள். நேர்முகப் பரீட்சை என்றால் பயப்படுவார்கள். துரை ஆபீசில் நிற்க வைத்துக் கேட்பது போல வேண்டாம். ஒரு பிளேன்டீ குடித்தபடி கேளுங்கள். இளம் பெண்களுடன் பேசும்போது ஒரு தலைவியும் இருக்க வேண்டும். ஏன் வர விரும்புகிறீர்கள்? எந்த நாட்களில் முடியாது? வெளியூர் போகும் யோசனை உண்டா? கோயில் கமிட்டியிலோ மரண உதவிச் சங்கத்திலோ முன்பு என்ன பொறுப்பைச் செய்து முடித்தீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் ஆளைப் புரிந்துகொள்ளலாம்.

இன்னொன்றையும் கட்டாயம் கேளுங்கள்: "பக்கத்து லயத்து அக்காவுக்கு எவ்வளவு காசு வந்தது என்று உங்கள் சித்தப்பா கேட்டால் என்ன சொல்வீர்கள்?" ஒரு தங்கச்சி சட்டென்று, "அவங்ககிட்டயே கேளுங்க சித்தப்பான்னு சொல்லுவேன்" என்றார். அவரை அன்றைக்கே எடுத்துக்கொண்டோம். படிவத்தில் விளங்காத இடம் வந்தால் "கேட்டு எழுதுவேன்" என்பவரை நம்பலாம். "சமாளிச்சிருவேன்" என்பவரிடம் கவனமாக இருங்கள். சாதி, கட்சி, கல்யாணப் பேச்சு ஆகியவற்றைக் கேட்காதீர்கள். அது நமக்குத் தேவையில்லாதது.

பொருந்தாதவரைப் பதில் சொல்லாமல் இழுத்தடிக்காதீர்கள். ரகசியம் காக்கத் தெரியாதவர் கூட்டத்துக்கு ஆள் திரட்டுவதில் கெட்டிக்காரராக இருப்பார். அந்த வேலையை அவருக்குக் கொடுங்கள்.

நமக்கும் கடமை உண்டு. தொண்டு என்பதற்காக பஸ் காசையும் அவர்கள் தலையில் கட்டக்கூடாது. முதல் மாதம் அனுபவமுள்ள ஒருவருடன் உட்கார வையுங்கள். அசல் பத்திரம் எதுவும் தொண்டர் வீட்டுக்குப் போகக்கூடாது. பிரதி மட்டும் எடுத்து, கொப்பியில் பதிந்து, அசலை அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். தோட்ட நிர்வாகம் சம்பளம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலையை நம் பிள்ளைகள் தலையில் ஏற்றவும் விடக்கூடாது.

அடுத்த வகுப்புக்கு நீண்ட பெயர்ப் பட்டியல் வேண்டாம். ஒவ்வொரு டிவிஷனிலிருந்தும் நீங்கள் உட்கார்ந்து பேசிப் பார்த்த இரண்டு பேரை அழைத்து வாருங்கள், போதும்.