சேமலாபப் பணம் கைக்கு வரும் நாளில்

தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் பிரிவுத் தலைவிகள், இளைஞர் பிரிவினர் ஆகியோருக்கான பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரை



வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

நமது தோட்டங்களில் அரைப்பேர் போட்டுவிட்டார்கள் என்றால் எங்கே போய்ச் சொல்வது என்று ஒவ்வொரு தொழிலாளிக்கும் தெரியும். கொழுந்து நிறுவையில் குறைத்தால் தெரியும். முப்பது வருடம் மலையில் நின்ற ஓர் அக்காவின் வங்கிப் புத்தகத்தில் ஒரே நாளில் பன்னிரண்டு இலட்சம் விழுந்தால், அதை என்ன செய்வது என்று அவர் யாரிடம் கேட்பது? இன்றைக்கு அவருக்குப் பதில் சொல்ல ஓடி வருபவர்கள் எல்லாரும் அந்தப் பணத்தில் தரகு உள்ளவர்கள். லீசிங் கம்பனியின் ஆள் வருகிறார். காப்புறுதி முகவர் வருகிறார். டவுனில் ஒரு திட்டம் இருக்கிறது, போட்டால் இரட்டிப்பாகும் என்று மச்சான் முறைக்காரர் வருகிறார். தரகு இல்லாத ஓர் ஆள் மட்டும் லயத்தில் இல்லை. அந்த ஆளாக உங்களைத் தயார்ப்படுத்தவே இந்த வகுப்பு.

எங்கே பணம் போடுங்கள் என்று சொல்லும் வேலை நம்முடையதன்று. பங்குச் சந்தை போன்றவற்றில் முதலீட்டு ஆலோசனை வழங்க அனுமதிப் பத்திரம் பெற்றவர்கள் இருக்கிறார்கள், அதற்குச் சட்டம் இருக்கிறது. நாம் செய்யக்கூடியது கேள்வி கேட்பது, காகிதத்தை வாசித்துக் காட்டுவது, கணக்குப் போட்டுக் காட்டுவது. முடிவு பணத்துக்குரியவருடையது. இந்த எல்லையைத் தாண்டாதவரைக்கும்தான் சனங்கள் நம்மை நம்புவார்கள்.

சேமிப்பு என்றதும் வங்கியை நினைக்கிறோம். நம்முடைய ஆகப் பெரிய சேமிப்பு சம்பளச் சிட்டையில் இருக்கிறது. 2024 செப்டெம்பரில் வந்த வர்த்தமானி அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாயாக நிர்ணயித்தது. அந்தச் சம்பளத்தில் இருபது பேர் போட்டால் 27,000. அதில் ஊழியர் சேமலாப நிதிக்காக நம்மிடம் 8 வீதம், அதாவது 2,160 ரூபாய் கழிக்கிறார்கள். தோட்டம் தன் பங்காக 12 வீதம், 3,240 ரூபாய் போட வேண்டும். மாதம் 5,400 ரூபாய் சேர்கிறது. அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தோட்டம் 3 வீதம், 810 ரூபாய் கட்ட வேண்டும். இதை நம்மிடம் கழிக்கக் கூடாது. "எங்களால் சேமிக்க முடியாது" என்று சொல்லும் ஒவ்வொருவரிடமும் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். எட்டாம் ஆண்டுப் பிள்ளை போடும் கணக்குத்தான். பிள்ளையை வைத்தே போடச் சொல்லுங்கள்.

அந்தப் பணம் உண்மையில் கட்டப்பட்டதா என்பது அடுத்த கேள்வி. சிட்டையில் கழித்திருப்பதற்கும் நிதியில் கட்டியிருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. அடுத்த மாத முடிவுக்குள் தோட்டம் கட்ட வேண்டும், பிந்தினால் மேலதிகமாகத் தண்டப்பணம் கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கணக்குக் கூற்று வரும்போது அதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அதை எடுத்து, சிட்டைகளை அருகில் வைத்து, மாதம் மாதமாகப் பார்க்க வேண்டும். விடுபட்ட மாதம் இருந்தால் தொழிற் திணைக்களத்தின் மாவட்டக் காரியாலயத்தில் முறைப்பாடு செய்யலாம். எழுதிக் கொடுப்பது சங்கத்தின் வேலை.

பெயர்ப் பிரச்சினை இன்னொன்று. செக்ரோலில் மாரியாய், அடையாள அட்டையில் மாரியம்மாள், பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்து. வேலை செய்யும் காலம் முழுவதும் இது யாருக்கும் உறுத்துவதில்லை. பணம் எடுக்கப் போகும் அன்றைக்குத்தான் மூன்று பெயரும் ஒரே ஆள் என்று நிரூபிக்க அலைய வேண்டி வருகிறது. நாற்பத்தைந்து வயதில் பார்த்தால் திருத்த நேரம் இருக்கும்.

ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கலாம். அந்த மாதத்திலேயே எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, இதைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை. வேலையை விடும்போது பணிக்கொடையும் சேர்கிறது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி ஐந்து வருடம் பூர்த்தியான நாட்சம்பளத் தொழிலாளிக்கு, வருடத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி. கடைசிச் சம்பளம் 1,350 ரூபாய் என்றால், முப்பது வருடத்துக்கு 30ஐ 14ஆல் பெருக்கி, 1,350ஆல் பெருக்குங்கள். 567,000 ரூபாய். வேலை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுக்கப்பட வேண்டிய பணம் இது. தோட்டம் தவணை போட்டுக் கொடுக்கிறேன் என்றால் அது சங்கம் பேச வேண்டிய விஷயம்.

இப்போது அந்த அக்கா நம்மிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் பன்னிரண்டு இலட்சம். "எங்கே போடலாம் தம்பி?" என்று கேட்கிறார். உடனே வங்கியின் பெயரைச் சொல்லாதீர்கள். கடன் ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். அடகில் நகை இருக்கிறதா, மகனின் முச்சக்கர வண்டிக்குக் கையொப்பம் வைத்தாரா? வட்டிக்கு வாங்கிய கடனை அடைப்பதை விடப் பெரிய இலாபம் தரும் வைப்பு எந்த வங்கியிலும் இல்லை. பிறகு இந்த ஒரு வருடத்துக்குள் என்ன செலவு வரும் என்று கேளுங்கள். மகளின் கல்யாணமா, கூரைத் தகரமா, ஆஸ்பத்திரியா? அதற்கான பணம் உடனே எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மீதியைத்தான் நிலையான வைப்பில் போடுவதைப் பற்றிப் பேச வேண்டும். அதையும் ஒரே பத்திரமாகப் போடாமல் மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று பிரித்துப் போட்டால், அவசரத்துக்கு எல்லாவற்றையும் முறிக்க வேண்டி வராது.

என்ன வட்டி கிடைக்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்லுங்கள். ஆறு இலட்சத்துக்கு வருடம் 7 வீதம் என்றால் 42,000 ரூபாய், மாதத்துக்கு 3,500. வரி கழிப்பு வேறு இருக்கலாம். இதைக் கேட்டதும் முகம் வாடும். வாடிய அந்த முகத்தைப் பார்த்துத்தான் மற்றவன் பேசுகிறான். மாதம் 10 வீதம் தருகிறேன் என்கிறான். ஆறு இலட்சத்துக்கு மாதம் 60,000! முதல் இரண்டு மாதம் கொடுக்கவும் செய்வான். அது அவர் கொடுத்த பணத்திலிருந்தே, அல்லது பின்னால் சேர்ந்தவரின் பணத்திலிருந்து வருவது. புதிய ஆள் சேர்வது நின்றால் பணமும் நின்றுவிடும். இது பிரமிட் திட்டம். வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி இதைத் தொடங்குவதும் நடத்துவதும் குற்றம், ஊக்குவிப்பதும் விளம்பரப்படுத்துவதும் கூடக் குற்றம். நம் பிள்ளைகள் கைபேசியில் ஆள் சேர்க்கிறார்கள். பணத்தை இழப்பதோடு வழக்கிலும் மாட்டலாம் என்று அவர்களுக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

பொதுமக்களிடம் வைப்புப் பெறும் வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் மத்திய வங்கியின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் வெளிப்படையாக இருக்கிறது. 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்து, இந்தக் கம்பனி பட்டியலில் இருக்கிறதா என்று கேட்கலாம். அனுமதி பெற்றதும் விழலாம். 2020இல் த பினான்ஸ் கம்பனியின் அனுமதி இரத்தானபோது, வைப்புக் காப்புறுதியின்படி ஒருவருக்கு ஆறு இலட்சம் வரைதான் கொடுக்கப்பட்டது. பின்னர் 2021இல் அந்த எல்லை 11 இலட்சமாக உயர்ந்தது. ஆகவே பன்னிரண்டு இலட்சத்தை ஒரே நிதிக் கம்பனியில் போடுகிறேன் என்பவரிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசாங்கமே சட்டப்படி பொறுப்பு. கூட்டுறவுச் சங்கங்களுக்கும் சமுர்த்தி வங்கிகளுக்கும் இந்தக் காப்புறுதி கிடையாது. அவற்றில் போடக் கூடாது என்று சொல்லவில்லை, தெரிந்து போட வேண்டும்.

பாதுகாப்பான இடத்தில் வைத்த பணமும் தேயும். 2022 செப்டெம்பரில் விலைவாசி ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய 70 வீதம் ஏறியது. அந்த வருடத்துக்குச் சேமலாப நிதி கொடுத்தது 9 வீதம். நம் முதுகில் கூடை சுமந்து சேர்த்த பணத்தின் பெறுமதி அப்படிக் கரைந்ததற்கு எந்த ஆலோசகரும் மருந்து சொல்ல முடியாது. அது சங்கங்கள் கொழும்பில் பேச வேண்டிய அரசியல். 2023க்கு 13 வீதம் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடன் விஷயத்தில் ஒரே ஒரு கணக்கு. குழுக்கடன்காரர் வந்து "மாதம் 2 வீதம்தான்" என்கிறார். 50,000 ரூபாய், பன்னிரண்டு மாதம். வட்டி 12,000, மொத்தம் 62,000, தவணை 5,167. வருடம் 24 வீதம் போலத் தெரிகிறது. ஆறாவது மாதத்தில் நம் கையில் பாதிக் கடன்தான் மீதி, வட்டியோ முழு 50,000க்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு 40 வீதத்தைத் தாண்டுகிறது. ஆகவே "எத்தனை வீதம்?" என்று கேட்பதோடு நிற்காமல், "எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்டுவேன், பிந்தினால் எவ்வளவு?" என்று கேட்கச் சொல்லிக் கொடுங்கள். பதிலைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள காகிதத்தில் நம் பெண்கள் கையெழுத்து வைக்கும் வழக்கம் நிற்க வேண்டும்.

சீட்டு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். லயத்துக்குள் முகம் தெரிந்தவர்களோடு, ஏலமில்லாமல் போடும் சீட்டு நல்ல பழக்கம்தான். முன்னால் எடுத்தவர் தோட்டத்தை விட்டுப் போனால் யார் பொறுப்பு என்பதை மட்டும் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். காப்புறுதியில், மூன்று வருடம் தொடர்ந்து கட்ட முடியுமா என்று கேளுங்கள். நடுவில் நிறுத்தினால் போட்டது பெரும்பாலும் திரும்பாது.

நம்முடைய ஒழுங்குகளில் விட்டுக்கொடுப்பு கிடையாது. எந்தக் கம்பனியிடமும் தரகு, பரிசு, தொலைபேசி ரீலோட் எதுவும் வாங்கக் கூடாது. யாருடைய வங்கிப் புத்தகத்தையும், அட்டையையும், இரகசிய இலக்கத்தையும் நம் கையில் வைத்திருக்கக் கூடாது, அவர்களே வற்புறுத்தினாலும். யாருக்கும் பிணை நிற்கக் கூடாது. இன்னொருவர் கணக்கை லயத்தில் பேசக் கூடாது. ஓர் அக்காவுக்குப் பன்னிரண்டு இலட்சம் வந்தது என்று நம் வாயால் வெளியே போனால், மறுநாள் காலையில் அவர் வாசலில் நிற்கப் போவது யார் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாத கேள்வி வந்தால், கேட்டுச் சொல்கிறோம் என்று சொல்லிக் காரியாலயத்துக்கு எழுதுங்கள்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது உங்கள் டிவிஷனில் வருகிற இரண்டு வருடத்துக்குள் 50ஐத் தொடும் பெண்கள், 55ஐத் தொடும் ஆண்கள் யார் யார் என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். அவர்களின் அடையாள அட்டைப் பெயரும் கணக்குக் கூற்றுப் பெயரும் ஒத்திருக்கிறதா என்று அவர்களோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். ஒத்துவராதவர்களின் மனுக்களை அன்றைக்கே இங்கே இருந்து எழுதுவோம். பேனை, கடதாசி, கணிப்பான் நாங்கள் கொண்டு வருகிறோம்.