லிஃப்ட் போட்ட ஜிம்னி அலையுதா? டேம்பரை விடுங்க, காஸ்டரைப் பாருங்க

போன வீடியோவுக்கு வந்த கமெண்ட்டெல்லாம் படிச்சேன். திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான். "அண்ணா, ஜிம்னிக்கு ரெண்டு இஞ்ச் லிஃப்ட் போட்டேன். பைபாஸ்ல எண்பதைத் தாண்டினா வண்டி நேரா போக மாட்டேங்குது. ஸ்டீயரிங் டேம்பர் மாத்திட்டேன், அப்பவும் அலையுது." அலையத்தான் செய்யும். டேம்பர் அதிர்ச்சியைத்தான் வாங்கிக்கும், வண்டியை நேரா ஓட வைக்கிற வேலை அதுக்குக் கிடையாது.

முதல்ல ஒண்ணைப் பிரிச்சுக்கோங்க. அலைச்சல் வேற, உதறல் வேற. நேர் ரோட்டுல ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருத்திக்கிட்டே இருக்க வேண்டியிருந்தா அது அலைச்சல். ஒரு பள்ளத்துல இறங்கி ஏறினதும் முன்சக்கரம் படபடன்னு அடிச்சு ஸ்டீயரிங் கையில நிக்காம ஆடினா அது உதறல். உதறலுக்கு வீல் பேலன்ஸ், கிங்பின் பேரிங், ஆக்சில் இடம் வலமா நகராம பிடிக்கிற பான்ஹார்ட் ராடோட புஷ் மூணையும் பாருங்க. இன்னைக்கு அலைச்சலைப் பத்திப் பேசுவோம்.

ஜிம்னியில முன்னாடியும் ஒரே கட்டை ஆக்சில். அதைப் பிடிச்சிருக்கிறது பக்கத்துக்கு ஒரு ஆர்ம். ஆர்மோட பின்முனை சேசிஸ்ல, முன்முனை ஆக்சில்ல. லிஃப்ட் போட்டா சேசிஸ் மேல போகுது, ஆர்மோட பின்முனையும் கூடவே மேல போகுது. ஆக்சில் என்ன பண்ணும்? முன்னாடி பாத்து உருளும். கிங்பின்னோட தலை பின்பக்கம் சாய்ஞ்சிருக்கணும், அந்தச் சாய்வுக்குப் பேர்தான் காஸ்டர். ஆக்சில் முன்னாடி உருண்டா அந்தச் சாய்வு போயிடுது. சைக்கிள்ல ரெண்டு கையையும் விட்டு ஓட்ட முடியுதுன்னா அதுல முன் ஃபோர்க்கோட சாய்வுக்குப் பெரிய பங்கு இருக்கு. இங்கயும் அதே கணக்குதான். சாய்வு போச்சுன்னா சக்கரம் தானா நேருக்குத் திரும்பாது.

"அலைன்மென்ட் போட்டேன், எல்லாம் ஓகேன்னுட்டாங்க"ன்னு நிறைய பேர் எழுதியிருக்கீங்க. ரிப்போர்ட் பேப்பரைக் கையில வாங்கினீங்களா? அங்க பெரும்பாலும் டோ மட்டும்தான் திருத்துவாங்க. கட்டை ஆக்சில்ல காஸ்டரைத் திருத்த ஸ்க்ரூ கிடையாது, அதனால அந்தக் கட்டத்தைப் பாக்காம விட்டுடுவாங்க. பேப்பரை வாங்குங்க. இடது காஸ்டர் எவ்வளவு, வலது எவ்வளவு, கம்பெனி அளவு எவ்வளவுன்னு பாருங்க. இதை நான் ஒவ்வொரு வீடியோவிலயும் சொல்றேன், இன்னும் யாரும் பாக்க மாட்டேங்குறீங்க!

பேப்பர் இல்லாமலும் ஒரு அளவுக்குத் தெரிஞ்சுக்கலாம். காலி மைதானத்துல மெதுவா ஒரு வளைவு எடுத்து ஸ்டீயரிங்கைத் தளர்த்திப் பிடிங்க. தானா நேருக்கு வரணும். திருப்பின இடத்துலயே சோம்பேறியா நின்னா காஸ்டர் மேல சந்தேகப்படுங்க.

ஆனா காஸ்டரைத் திருத்துற புஷ் வாங்குறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் வண்டிக்கு அடியில படுங்க. சக்கரம் தரையிலயே இருக்கட்டும், இஞ்சின் ஓடட்டும், ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரல்ல வைங்க. ஒருத்தர் உக்காந்து ஸ்டீயரிங்கை லேசா இடம் வலமா ஆட்டிக்கிட்டே இருக்கணும். நீங்க ஒவ்வொரு ஜாயின்ட்டா விரலை வச்சுப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும்.

பொள்ளாச்சியில இருந்து ஒருத்தர் வந்தார். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆனி ஆடியில எப்படி அடிக்கும்னு அந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். "காத்துதான் வண்டியைத் தள்ளுது"ன்னு அவர் நம்பிட்டு இருந்தார். அடியில படுத்துப் பாத்தா பான்ஹார்ட் ராடோட சேசிஸ் பக்கத்து போல்ட்டைச் சுத்தி செம்மண் கலர்ல துரு மாவு. வாஷருக்கு அடியில பளபளன்னு தேஞ்ச ஒரு வளையம். போல்ட் அங்கயே அசைஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. புஷ்ஷும் கிழிஞ்சிருந்தது. லிஃப்ட் போட்டவங்க வண்டியை ஜாக்கியில தூக்கி, சக்கரம் தொங்கிட்டு இருக்கும்போதே போல்ட்டை முறுக்கி விட்டிருக்காங்க. கீழ இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே கிடக்கும், சீக்கிரம் கிழியும். வண்டி தன் எடையில தரையில நிக்கும்போதுதான் புஷ் போல்ட்டைக் கடைசியா டைட் பண்ணணும். லிஃப்ட் போடுற இடத்துல நீங்க பக்கத்துல நின்னு இதைக் கேட்டு வாங்குங்க.

கிங்பின்னா, வீல் பேரிங்கான்னு ஒரு தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஸ்டேண்ட் போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்க. மிதிச்சதும் ஆட்டம் நின்னா வீல் பேரிங், நிக்கலைன்னா கிங்பின்.

எல்லாம் இறுக்கமா இருக்கு, காஸ்டர்தான் குறைவுன்னா ஆர்மோட ஆக்சில் முனையில இருக்கிற நாலு புஷ்ஷையும் எடுத்துட்டு, துளை நடுவுல இல்லாம ஒதுங்கியிருக்கிற காஸ்டர் புஷ் போடணும். அதுல இருக்கிற குறியைப் பாத்துப் போடச் சொல்லுங்க. தலைகீழாப் போட்டா இருக்கிற காஸ்டரும் போயிடும். ரெண்டு இஞ்சுக்கு மேல லிஃப்டுன்னா புஷ் மட்டும் பத்தாது, பிராக்கெட்டோ வேற ஆர்மோ வேணும். அளவுக்கு மீறியும் போகாதீங்க. காஸ்டரைக் கூட்டினா டிஃபரன்ஷியல் மூக்கும் கூடவே கீழ இறங்கும், முன் ப்ராப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் கெட்டு அதிரும்.

"ஸ்டீயரிங் கோணலா நிக்குது, கழட்டி நேரா மாட்டிடலாமா?" வேண்டாம். டிராக் லிங்க்ல நீளத்தைத் திருத்தி நேராக்குங்க. ஜிம்னியில ஸ்டீயரிங் கோணத்தைப் பாக்குற சென்சார் இருக்கு. அது தப்பாப் படிச்சா நேர் ரோட்டுலயே ஈஎஸ்பி குறுக்க வந்து பிரேக் பிடிக்கும்.

ஸ்டீயரிங் பாக்ஸ் மேல இருக்கிற ஸ்க்ரூவை முறுக்கலாமான்னு கேட்டவங்களுக்கு: கடைசி வரைக்கும் அதைத் தொடாதீங்க. பெரிய டயர் போட்டவங்க முதல்ல காத்தைப் பாருங்க, மண்ணுல இறக்கின காத்தோட ஹைவேயில ஏறிடுறீங்க. வேற வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு: ஜிப்ஸிக்கு லீஃப் ஸ்பிரிங், அதுக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல ஆப்பு வச்சுத்தான் காஸ்டரைத் திருத்தணும். 2020-க்கு அப்புறம் வந்த தாருக்கு முன்னாடி கட்டை ஆக்சிலே கிடையாது, அதைத் தனியாப் பேசுறேன்.

சட்டம் பத்தியும் கேட்டிருக்கீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கு, கம்பெனி அளவுகளுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு. தெரிஞ்சுக்கிட்டுச் செய்யுங்க.

இனி "அலையுது அண்ணா"ன்னு மட்டும் எழுதாதீங்க. எத்தனை இஞ்ச் லிஃப்ட், டயர் சைஸ், காத்து அளவு, ரிப்போர்ட்டுல ரெண்டு பக்கக் காஸ்டர், இதையும் சேத்து எழுதுங்க. பாத்துட்டு ஒவ்வொருத்தருக்கும் பதில் போடுறேன்.