கிணறு சுரக்கும் வேகத்துக்கு அள்ளுவோம்

(வெருகலில் நடந்த தொழிலாளர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலையில் பெய்யும் மழை ஹட்டன் ஓயாவாகவும் கொத்மலை ஓயாவாகவும் ஓடி மகாவலியில் சேர்கிறது. அந்த மகாவலியின் ஒரு கிளைதான் இங்கே வெருகல் ஆறாக வந்து கடலில் விழுகிறது. நீங்களும் நாங்களும் ஒரே தண்ணீரின் இரண்டு முனைகளில் இருக்கிறோம். ஆனால் பக்கத்தில் ஆறு ஓடுவதால் மட்டும் வீட்டுக் குடம் நிறைந்துவிடாது. இங்கேயும் கோடையில் கிணறு வற்றுகிறது, அங்கேயும் வற்றுகிறது. ஆகவே இன்று கிணற்றைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பங்குனி மாதம் பிந்தி வரும் பிள்ளைகளிடம் காரணம் கேட்பதையே விட்டுவிட்டோம். எல்லோருக்கும் ஒரே காரணம், பீலியில் வரிசை. அம்மா பிரட்டுக்குப் போக வேண்டும், ஆகவே குடத்தோடு நிற்பது பிள்ளை. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் அம்மா மறுபடியும் அதே வரிசையில் நிற்கிறாள். இந்த நேரத்துக்குச் சம்பளப் பட்டியலில் இடமில்லை.

இந்த நிலையில் புதிய வீடுகள் சிலவற்றுக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தார்கள். வெட்டியது நல்ல மழைக்காலத்தில். திறந்து வைத்த அன்று குனிந்து வாளியால் மொள்ளலாம் போலத் தண்ணீர் நின்றது. மாசி கடைசியில் மோட்டரைப் போட்டால் கால் மணி நேரத்துக்குள் காற்றை இழுத்தது. "கிணறு செத்துப்போச்சு சேர்" என்று ஒரு தாய் எங்களிடம் வந்து அழுதார். பொறுப்பானவர்களிடம் போனோம். "கிணறு உங்கள் காணிக்குள் இருக்கிறது, இனி உங்கள் பாடு" என்றார்கள்.

அந்தக் கிணற்றை நாங்கள் அளந்து பார்த்தோம். பெரிய கருவி எதுவும் இல்லை. ஒரு கயிறு, ஒரு கல், ஓர் அடிக்கு ஒரு முடிச்சு, ஒரு கைக்கடிகாரம். முதலில் இரண்டு அடி தண்ணீரை இறைத்தோம். பிறகு ஒரு மணி நேரம் யாரும் அள்ளவில்லை. மூன்று அங்குலம் ஏறியிருந்தது.

மூன்று அங்குலம்தானே என்று சிரித்தார்கள். கணக்கைப் பாருங்கள். நான்கு அடி அகலமான கிணற்றில் ஓர் அடி உயரத் தண்ணீர் என்பது ஏறக்குறைய 355 லீற்றர். மூன்று அங்குலம் என்றால் அதில் கால் பங்கு, கிட்டத்தட்ட 90 லீற்றர். அதே வேகத்தில் ஊறினால் 24 மணி நேரத்தில் 2,000 லீற்றருக்கு மேல் வரும். தண்ணீர் மேலே ஏற ஏற ஊற்று மெதுவாகும் என்பதால் பாதியை மட்டும் கணக்கில் எடுப்போம். அப்படியும் 1,000 லீற்றர். ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் வைத்தாலும் 500 லீற்றர் போதும். செத்துப்போனது என்று சொன்ன கிணறு இரண்டு குடும்பங்களைத் தாங்கக்கூடியது!

அப்படியானால் கோளாறு எங்கே? மோட்டர் நிமிடத்துக்கு 40 லீற்றர் இழுக்கிறது. ஊற்று நிமிடத்துக்கு ஒன்றரை லீற்றர் தருகிறது. பகல் முழுக்கக் கிணற்றைச் சும்மா விட்டு, மாலை ஆறு மணிக்கு எல்லோரும் ஒரேயடியாக இழுத்தால் அது எப்படித் தாங்கும்? நிரம்பி நிற்கும் கிணற்றில் ஊற்று ஓய்ந்துவிடும். அதனால் அந்தப் பகல் தண்ணீர் நமக்குக் கிடைக்காமலே போகிறது.

ஆகவே நாங்கள் செய்தது இதுதான். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக 1,000 லீற்றர்த் தாங்கி ஒன்றை மேடான இடத்தில் வைத்தோம். மோட்டரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூன்று நான்கு நிமிடம் மட்டும் போட்டோம். பகலில் வீட்டில் இருக்கும் பாட்டியிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தோம். இரவில் ஊறும் தண்ணீரை விடியற்காலையில் தாங்கிக்கு ஏற்றினோம். மோட்டர் இல்லாத வீட்டில் வாளியாலும் இதைச் செய்யலாம். கொஞ்சமாக, பல தடவை அள்ளி, மூடியுள்ள பீப்பாயில் சேர்த்து வைக்க வேண்டும். மூடாவிட்டால் டெங்கு நுளம்பு குடிவந்துவிடும்.

வெருகல் உறவுகளுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையோரக் கிணறுகளில் உப்பு நீர் புகுந்தது. சுத்தம் செய்ய வந்தவர்கள் நல்ல மனதோடுதான் மோட்டர் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். பல இடங்களில் அதுவே பாதகமானது. கடலோர மணலில் நன்னீர் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதைத் தாங்க மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடியை இழுத்துக் குறைத்தால் கீழிருந்து உப்பு மேலேறும். ஆகவே கரையோரத்தில் தண்ணீர் போதவில்லை என்று கிணற்றை இன்னும் ஆழமாக்குவது உப்பைக் கூப்பிடுகிற வேலை. இங்கேயும் மருந்து அதேதான். மெதுவாக அள்ளுங்கள், சேர்த்து வையுங்கள்.

இன்னொன்று, கூரைத் தண்ணீர். மலையில் பீலி என்றால் ஊற்றுத் தண்ணீர் விழுகிற இடம். இந்தப் பக்கத்தில் பீலி என்றால் கூரை விளிம்பில் கட்டுகிற வாய்க்கால். இரண்டும் நமக்கு வேண்டும். 400 சதுர அடித் தகரக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் 940 லீற்றர் விழுகிறது. சிந்தியது போக 700 லீற்றராவது மிஞ்சும். உங்களுக்கு ஐப்பசி முதல் தை வரை மாரி மழை. முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு மிச்சத்தைப் பிடியுங்கள். தாங்கி நிறைந்து வழிவதைக் கிணற்றுக்குச் சில அடி தள்ளிக் கல்லும் மணலும் போட்ட குழிக்குள் இறக்குங்கள். நேரே கிணற்றுக்குள் விடாதீர்கள். கூரையில் உள்ள எச்சமும் தூசியும் குடத்துக்கு வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எண்ணெயில் ஓடும் மோட்டரைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டாதீர்கள். அதன் புகை நின்ற இடத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் திரும்ப மாட்டார். சேறு வார இறங்கும்போது மேலே இரண்டு பேர், இடுப்பில் கயிறு, இவை இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம்.

தோழர்களே, இதுவரை சொன்னது நாம் செய்யக்கூடியது. இதைக் கேட்டுவிட்டு, "பார்த்தீர்களா, தண்ணீர் இருக்கிறது, இவர்களுக்குத்தான் பாவிக்கத் தெரியவில்லை" என்று யாராவது சொன்னால் அதையும் ஒத்துக்கொள்ள முடியாது. ஏனென்றால் இன்னொரு கணக்கு இருக்கிறது.

மலையில் புதிய வீட்டுக்கு என்று தந்த காணி 7 பேர்ச். ஒரு பேர்ச் 272 சதுர அடி. ஆகவே 7 பேர்ச் என்பது 1,900 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 44 அடிக்கு 44 அடி. குடிநீர்க் கிணறும் மலசலகூடக் குழியும் 50 அடியாவது தள்ளியிருக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லுவார். 44 அடிக் காணிக்குள், நடுவில் வீட்டையும் வைத்துக்கொண்டு, 50 அடியை எங்கே தேடுவது? மூலைக்கு மூலை ஒதுக்கினாலும் பக்கத்து வீட்டுக் குழி நம் கிணற்றுக்கு அருகில் வந்துவிடும். சரிவில் மேல்வீட்டுக் குழி கீழ்வீட்டுக் கிணற்றுக்கு வடியும். ஆகவே அடுக்கடுக்காக வீடு கட்டிய இடத்தில் வீட்டுக்கு ஒரு கிணறு என்பது தீர்வல்ல. பொறுப்பைக் கைகழுவுவதற்கு அது வசதியான வழி, அவ்வளவுதான்.

அதனால் சங்கம் கேட்கப்போவது நான்கு.

ஒன்று, மழைக்காலத்தில் வெட்டிக் காட்டிய கிணற்றுக்கு யாரும் கையொப்பம் வைக்க வேண்டாம். வறண்ட மாதத்தில் கயிறு போட்டு அளந்து, மணிக்கு எத்தனை அங்குலம் ஊறுகிறது என்று எழுதித் தரட்டும்.

இரண்டு, பாவனைக்கு விடுமுன் தண்ணீரைப் பரிசோதித்த அறிக்கை தமிழில் நம் கையில் வர வேண்டும்.

மூன்று, காணி சிறியதாக உள்ள இடத்தில் மேல் ஊற்றைப் பாதுகாத்து, பொதுத் தாங்கி கட்டி, குழாய் போட்டு வீட்டுக்கு வீடு தண்ணீர் தர வேண்டும்.

நான்கு, வரட்சியில் பவுசர் வரும் நாளும் நேரமும் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். பவுசருக்குக் காத்திருந்தே ஒரு நாள் சம்பளத்தை இழக்க நம்மால் முடியாது.

இதைக் கேட்க நமக்குச் சான்று வேண்டும். ஆகவே ஊருக்குத் திரும்பியதும் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி போடட்டும். கிணற்றுக்கு ஒரு பக்கம், பீலிக்கு ஒரு பக்கம். மாதம் ஒருமுறை கயிறு போட்டு அளந்து திகதியோடு எழுதுங்கள். வெருகல் உறவுகளும் எழுதுங்கள், உப்புச் சுவை எந்த மாதம் தொடங்குகிறது என்பதையும் சேர்த்து. பிள்ளைகளிடம் கொடுங்கள், அழகாக எழுதுவார்கள். "தண்ணீர் இல்லை" என்று மட்டும் சொன்னால் "பார்ப்போம்" என்பார்கள். "பங்குனி முதலாம் திகதி மணிக்கு ஓர் அங்குலம், பன்னிரண்டு வீடு" என்று கொப்பியை விரித்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கிணறு தரக்கூடியதை நாம் பொறுமையாக எடுப்போம். தர வேண்டியவர்களிடம் பொறுமை இழக்காமல், ஆனால் விடாமல் கேட்போம். அடுத்த பங்குனியில் எங்கள் பள்ளிக்கூட மணி அடிக்கும்போது பிள்ளைகள் பீலியடியில் நிற்காமல் வகுப்பில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கயிறும் கொப்பியும்.