மண்சரிவுக்குப் பின் மலையகம்

மலையகத் தோட்டங்களில் வெள்ளத்தைவிட அதோடு வரும் மண்சரிவே அதிக உயிர்களைப் பறிக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் இலங்கையெங்கும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் இழப்பு மிகப் பெரிது. ஹட்டன் வழியே போகும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவை வைத்து எச்சரிக்கை விடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு. 100ஐத் தாண்டினால் ஆயத்தம். 150 என்றால் உடனே வெளியேற வேண்டும். சுவரில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கிப் பாயும் ஊற்று ஆகியவை கருவியின்றியே தெரியும் அறிகுறிகள்.

வெளியேறியவர்களுக்கு முதல் அடைக்கலம் தோட்டப் பாடசாலை அல்லது கோயில் மண்டபம். சமைத்த உணவு முதலில், உலர் உணவுப் பொதி பிறகு. மலைக்குளிரில் கம்பளியும் அரிசியளவு அவசரம்தான். வெளியூர் நிவாரணப் பொதிகளில் அது மறந்துபோவதுண்டு.

உண்மையான சிக்கல் வீடு கட்டும்போதுதான் தொடங்குகிறது. தொழிலாளர் வசிக்கும் வரிசை வீடுகளான லயன் அறைகளுக்குப் பெரும்பாலும் உறுதிப்பத்திரம் கிடையாது. காணி பெரும்பாலும் அரசுடையது. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியது. ஆகவே மாற்றிடம் ஒதுக்க அவற்றின் இணக்கமும் தேவை. எடுத்துக்காட்டாக, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை லயன்கள் மண்ணில் புதைந்தன. அங்கு ஆபத்து 2005லும் 2011லும் சுட்டிக்காட்டப்பட்டிருந்தும், மாற்றிடம் அமையவில்லை. தப்பியவர்களுக்கு பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டபோது 2016 ஆகியிருந்தது.