வீட்டுக்கும் ஒரு காஷன் டெபாசிட்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிவில் படித்தவன் என்பதால் கட்டடத் தொழில்நுட்பம் பற்றிப் பேசுவேன் என்று செயலாளர் நினைத்திருப்பார். நான் பேசப் போவதும் ஒரு வீட்டைப் பற்றித்தான். ஆனால் அதன் காங்கிரீட்டைப் பற்றி அல்ல, அதை வாங்கிய கணக்கைப் பற்றி. அந்தக் கணக்கில் நான் ஃபெயில் ஆனவன். அரியர் எழுதிப் பாஸ் ஆக மூன்று ஆண்டுகள் பிடித்தன. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

விடுதியில் இருந்தவர்களுக்கு டிவைடிங் சிஸ்டம் நினைவிருக்கும். மாதச் செலவைத் தலைக்கு வகுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். மூன்றாம் ஆண்டில் நான் மெஸ் பிரதிநிதி. வெங்காயம் கிலோ என்ன விலை, எண்ணெய் எத்தனை டின் என்று நோட்டில் எழுதி, வார்டனிடம் கையெழுத்து வாங்குவேன். ஒரு மாதம் பில் எகிறிப்போன போது, "சார், எங்க காஷன் டெபாசிட்ல கழிச்சுக்கலாமே" என்று கேட்டேன். வார்டன் சொன்னார்: "தம்பி, அது செலவுக்கான பணம் இல்லப்பா. ஏதாவது உடைஞ்சா அதுக்கான பணம்." அன்று அது எனக்குப் பிடிவாதமாகப் பட்டது. அதன் அர்த்தம் முப்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது.

2021 நவம்பரில், சென்னைக்குத் தெற்கே கூடுவாஞ்சேரியில், இரண்டு படுக்கையறை கொண்ட பழைய ஃபிளாட் ஒன்றை வாங்கினோம். விலை 40 லட்சம். கைக்கு வரும் சம்பளம் அப்போது மாதம் 62,000. வாடகை 10,000. சேமிப்பு 14 லட்சம். அதில் பி.எஃப்.பில் எடுத்ததும் அடக்கம். வங்கி 80 சதவீதம், அதாவது 32 லட்சம் கொடுத்தது. வட்டி 7 சதவீதம், 20 ஆண்டு, மாதத் தவணை 24,810.

நான் போட்ட கணக்கு இது: கையிலிருந்து எட்டு லட்சம், பத்திரச் செலவு நாலு லட்சத்துச் சொச்சம், மீதி ஒன்றரை லட்சம் கையில் நிற்கும். கல்குலேட்டரே வேண்டாம், மனக்கணக்கு!

உண்மையில் ஆன செலவைக் கேளுங்கள். வீட்டுக்கு நம் பங்கு 8,00,000. அப்போது முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 4 என்று 11 சதவீதம்; அது 4,40,000. தரகு 40,000. வங்கியின் பிராசசிங், வக்கீல், மதிப்பீட்டாளர் கட்டணங்கள் 25,000. கபோர்டு, ஜன்னல் கிரில், பெயிண்ட் 2,10,000. கிரகப்பிரவேசம், சாப்பாடு, துணிமணி 65,000. மொத்தம் 15,80,000. என்னிடம் இருந்தது 14. குறைந்தது 1,80,000.

என் மனைவி தன் சங்கிலியையும் வளையல்களையும் கழற்றிக் கொடுத்தார். "என்னங்க, ஆறு மாசத்துல மீட்டுடலாம்ல?" என்று கேட்டார். "மூணே மாசம்" என்றேன். கிரகப்பிரவேசத்தன்று இரவு என் சேமிப்புக் கணக்கில் இருந்தது 6,212 ரூபாய். அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "எல்லாத்தையும் போட்டு ஒரு வீடு வாங்கிட்டோம்" என்ற பெருமை. அந்த "எல்லாத்தையும்" என்ற சொல்தான் தப்பு என்று தெரியவில்லை.

2022 பிப்ரவரியில், ஊரில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. கம்பெனி இன்சூரன்ஸில் நான், மனைவி, குழந்தை மட்டும். பெற்றோருக்குத் தனியே பாலிசி எடுப்பதை "வீடு முடியட்டும்" என்று தள்ளிப் போட்டிருந்தேன். ஆபரேஷன் செலவு 2,40,000. நகை ஏற்கெனவே அடகில். நண்பர்களிடம் கேட்கக் கூச்சம். இப்போதுதானே எல்லோரையும் கூப்பிட்டு வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டேன்! 14 சதவீத வட்டியில் 2,50,000 பர்சனல் லோன் எடுத்தேன். மூன்று ஆண்டு, மாதம் 8,544. இரண்டு தவணையும் சேர்த்து 33,354. சம்பளத்தில் பாதிக்கு மேல்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தம்பி, இதுக்குப் பணம் எங்கேருந்து எடுத்தே?" நான் "இருந்துச்சுப்பா" என்று பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை. வேறு எதுவும் கேட்கவும் இல்லை.

சோதனை அதோடு நிற்கவில்லை. வங்கிகளின் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் 2019 அக்டோபர் முதல் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டவை. 2022 மே மாதம் முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதம் ஆக்கியது. என் 7 சதவீதம் படிப்படியாக ஏறி 9.5 ஆனது. முதலில் வங்கி தவணையை மாற்றாமல் காலத்தை நீட்டிக்கொண்டே போனது. எஸ்.எம்.எஸ். வந்தது, நான் படிக்கவில்லை. தவணை அதேதானே என்று இருந்துவிட்டேன். 2023 ஏப்ரலில் உட்கார்ந்து பார்த்தால், மாத வட்டி மட்டுமே 24,800-ஐத் தாண்டிவிட்டது. நான் கட்டுவது 24,810. யோசித்துப் பாருங்கள், மாதா மாதம் ஒழுங்காகக் கட்டுகிறேன், அசல் அசையவே அசையாது! கடைசியில் தவணையை 29,960 ஆக உயர்த்திக் கட்ட ஒப்புக்கொண்டேன்.

இங்கே பேராசிரியர்கள் இருப்பதால் வெட்கத்தோடு ஒன்று சொல்கிறேன். ஐ.எஸ். 456 படி பாரத்துக்கு 1.5 பாதுகாப்புக் காரணி போடச் சொல்லிக் கொடுத்தீர்கள். பத்து டன் வரும் இடத்தில் பதினைந்து டன்னுக்கு டிசைன் செய்கிறோம். அடுத்தவர் வீட்டு ஸ்லாபுக்கு அதை ஒருநாளும் மறந்ததில்லை. என் சொந்த வீட்டுக் கணக்கை மட்டும் 1.0 காரணியில் போட்டேன். சரியாக இருந்தால் நிற்கும். ஒரு ஆள் கூட ஏறினால் விரிசல். பணம் போதாமல் நான் விழவில்லை, மிச்சம் வைக்காமல் விழுந்தேன். நான் சொல்ல வந்த விஷயம் இவ்வளவுதான்: வீட்டுச் சாவி வாங்கும் அன்று, எல்லாச் செலவும் போக, ஆறு மாதக் குடும்பச் செலவும் தவணையும் கையில் நிற்கவில்லை என்றால், அந்த வீட்டை வாங்க நமக்கு இன்னும் நேரம் வரவில்லை.

இனி, இதை எப்படிச் செய்வது என்று நாலைந்து யோசனைகள்.

முதலாவது, ஒத்திகை. வாங்குவதற்கு முன் பன்னிரண்டு மாதம், தவணையை உங்களுக்கே கட்டிப் பாருங்கள். என் கணக்கில் தவணை 24,810, பராமரிப்பு 2,000, மொத்தம் 26,810. வாடகை 10,000 போக மீதி 16,810-ஐச் சம்பளம் வந்த மறுநாளே ஒரு ஆர்.டி.யில் போட்டிருக்க வேண்டும். ஓராண்டில் இரண்டு லட்சம் சேர்ந்திருக்கும். நகை அடகுக் கடைக்குப் போயிருக்காது. அதைவிட முக்கியம், எந்த மாதம் மூச்சு முட்டுகிறது என்பது கடன் வாங்கும் முன்பே தெரிந்திருக்கும். ஒத்திகையில் தடுமாறினால் வெட்கமில்லை. மேடையில் தடுமாறினால்தான் கஷ்டம்.

இரண்டாவது, வட்டியை இரண்டு சதவீதம் ஏற்றிப் பாருங்கள். என் கடனுக்கு 9 சதவீதத்தில் தவணை 28,790 வரும். அதையும் கட்ட முடியுமா என்று அன்றே கேட்டிருந்தால் சின்ன வீடு பார்த்திருப்பேன், அல்லது இரண்டு ஆண்டு பொறுத்திருப்பேன். வங்கி எவ்வளவு தரும் என்பது ஒரு கணக்கு. நமக்கு எவ்வளவு தாங்கும் என்பது வேறு கணக்கு.

மூன்றாவது, முழு விலையை எழுதுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரையும், 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும்தான் தரலாம். பத்திரச் செலவு பொதுவாக அந்த மதிப்பில் சேராது. அது முழுக்க நம் கைப்பணம். தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணம் 2023-இல் 4-லிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் வழிகாட்டி மதிப்பு கூடியது. கட்டி முடிக்காத ஃபிளாட் என்றால் ஜி.எஸ்.டி. உண்டு. கபோர்டும் கிரிலும் எந்த விளம்பரத்திலும் வராது. ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி, கடைசியில் பத்து சதவீதம் கூட்டிக் கொள்ளுங்கள். எஸ்டிமேட்டில் கன்டின்ஜென்சி என்று போடுவோமே, அதேதான்.

நான்காவது, பெற்றோர் உட்பட எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு. கடன் தொகை அளவுக்காவது உங்கள் பெயரில் டேர்ம் பாலிசி. இவை இரண்டும் வீட்டுக்கு முன்னால் வர வேண்டியவை. நமக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்கு வீடு மிஞ்ச வேண்டும், கடன் மிஞ்சக் கூடாது.

ஐந்தாவது, வருமான வரிக்காக வீடு வாங்காதீர்கள். புதிய வரி முறையில், தாம் குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவே கிடையாது.

வாங்கிய பிறகு? கடன் எப்படிக் கரைகிறது என்று தெரிந்து கொள்ளுங்கள். 30 லட்சத்தை 8.5 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு வாங்கினால் தவணை 26,035. திருப்பிக் கட்டுவது மொத்தம் 62 லட்சத்துக்கு மேல். ஆனால் ஆண்டுக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டி வந்தால், மூன்று ஆண்டுகளுக்கு மேல் குறைந்துவிடும். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டிக் கட்ட, தனிநபர்களிடம் வங்கி அபராதம் வாங்கக் கூடாது. போனஸ் வரும் மாதத்தில் இதை நினைத்துக் கொள்ளுங்கள். ஆனால் அதற்கும் முன்னால், அந்த ஆறு மாதப் பணம்.

நாங்கள் மீண்ட கதையையும் சொல்லி விடுகிறேன். மெஸ் நோட்டு போல ஒரு நோட்டு போட்டோம். எழுதியது என் மனைவி. கார் வாங்கும் பேச்சை நிறுத்தினோம். ஓட்டல் சாப்பாடு மாதம் ஒரு முறை. அவர் மாலையில் டியூஷன் எடுத்தார். வட்டிக் கணக்குப்படி பர்சனல் லோனைத்தான் முதலில் அடைத்திருக்க வேண்டும். நான் நகையை முதலில் மீட்டேன். "மூணே மாசம்" என்று சொன்னவனுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அங்கே வட்டிக் கணக்கு பேச எனக்கு வாய் வரவில்லை. 2024 பொங்கலுக்கு அவர் வளையல் போட்டுக் கொண்டார். 2025 மார்ச்சில் பர்சனல் லோன் முடிந்தது. அதே ஆண்டில் ரிசர்வ் வங்கி நான்கு தடவையாக ரெப்போவை 1.25 சதவீதம் குறைத்தபோது, தவணையைக் குறைக்காமல் 29,960-ஐயே கட்டி வருகிறோம். குறைவது காலமாக இருக்கட்டும் என்று.

அப்பா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். போன தடவை வந்தபோது பால்கனியில் உட்கார்ந்து, "வீடு நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார். வாங்கி இத்தனை வருஷம் கழித்து அன்றுதான் அப்படிச் சொன்னார்.

தனியாக ஒரு கணக்கு ஆரம்பித்திருக்கிறோம். ஏ.டி.எம். கார்டு கிடையாது. பாஸ்புக்கின் மேல் என் மனைவி "காஷன் டெபாசிட்" என்று எழுதி வைத்திருக்கிறார். ஆறு மாதத்துக்கு வேண்டியதில் நாலு மாதத்துக்கு வந்திருக்கிறது. இன்னும் முழுசாகவில்லை.

தம்பி தங்கைகளே, கோர்ஸ் முடிந்து போகும்போது இந்தக் கல்லூரி உங்கள் காஷன் டெபாசிட்டைத் திருப்பித் தரும். அன்றைக்கு பார்ட்டி வைப்பீர்கள், தெரியும்; நாங்களும் வைத்தோம். அதில் பாதியையாவது ஒரு கணக்கில் போட்டு வையுங்கள். உங்கள் வீட்டின் முதல் செங்கல் அதுதான்.